பெயர் பதிய ஒரு வீடு

மகளுக்குப் பத்து மாதம் ஆகியிருந்தபோது அவளுடைய பள்ளிக்கூடத்துக்காக வீடு தேட ஆரம்பித்தோம். அவள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. நான் பதுளையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் ஒருவர்தான் விஷயத்தை விளக்கினார். டவுனில் இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமானால், அதற்குப் பக்கத்து முகவரியில் பெற்றோரின் பெயர் வாக்காளர் பட்டியலான இடாப்பில் இருக்க வேண்டும். ஒரு வருடம் இருந்தால் போதாது. வருடங்கள் கூடக் கூடத்தான் சேர்க்கைக்கான புள்ளியும் கூடும். "நீங்க இப்பவே லேட்டு," என்றார் அவர்.

எங்கள் பெயர் அப்போது தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்கில், ஐந்தாம் லயத்தில் பதிந்திருந்தது. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் கணக்கு என்போம்; வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள் லயம், அதில் ஒவ்வோர் அறையும் காம்பரா. அப்பா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நாங்கள் மூன்று பேர் என்று எட்டுப் பேர் இரண்டு காம்பராவில் இருந்தோம். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல மாட்டேன், நான் படித்தது அங்கேதான். ஆனால் விஞ்ஞானம் சொல்லித்தர வருவார் என்று சொல்லப்பட்ட வாத்தியார் நான் பள்ளியை விட்டு வரும்வரை வந்து சேரவில்லை. அவர் நேரத்துக்கு வந்திருந்தால் நான் டாக்டராகியிருப்பேன் என்று மனைவி கேலி செய்வாள். டாக்டர் எழுதித் தருகிற சீட்டைப் பார்த்து ஊசி குத்துகிறவனாக இருக்கிறேன். மகள் விஷயத்தில் அந்த வாத்தியாருக்காகக் காத்திருப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்தோம்.

ஆனால் வாடகை வீடு பார்க்க எங்களுக்குத் தெரியாது. எங்கள் பரம்பரையில் யாரும் வாடகைக்கு இருந்ததில்லை. சொந்த வீட்டிலும் இருந்ததில்லை. தோட்டத்து வேலையாட்கள் பட்டியலில் பெயர் இருந்தால் காம்பரா உண்டு, பெயர் போனால் காம்பராவும் போகும். அதனால் முதல் சில வீடுகளில் நாங்கள் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஓர் இடத்தில் சமையல் செய்யும் குசினியைப் பார்த்துவிட்டு மனைவி, "அம்மாடி, எங்க காம்பரா அளவுக்குக் குசினியே இருக்கு!" என்று வீட்டுக்காரரின் காதில் விழும்படியே சொன்னாள். வாசலுக்கு வந்து பேசும்போது வாடகை இரண்டாயிரம் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் முகத்தைச் சுளிக்க வேண்டும் என்று வழியிலேயே பேசி வைத்துக்கொண்டு போனோம். சுளித்த முகத்தைப் பார்த்து ஒரு வீட்டுக்கார அம்மா, பிடிக்காவிட்டால் ஏன் வந்தீர்கள் என்று கோபித்துக்கொண்டார்.

ஹிந்தகொடப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். ரோட்டுக்குக் கீழே எட்டுப் படி இறங்க வேண்டும். நடுப்பகலில் லைட் போட்டுத்தான் காட்டினார்கள். இன்னொன்று மாடி வீடு, படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை. அடுத்த மாதம் வைப்பதாகச் சொன்னார்கள், அதையே மூன்று மாதத்துக்கு முன்பு பார்த்துவிட்டுப் போனவரிடமும் சொல்லியிருந்தார்கள். ஹாலி எலையில் ஒரு வீடு கிடைத்தது. இரண்டு அறை, நல்ல வெளிச்சம், பின்னால் நாலு பாத்தி போட இடம், வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியானது. ஆனால் பள்ளிக்கூடத்தின் எல்லைக்கு அது தூரம். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரும்போது மனைவி அந்தப் பாத்திகளில் என்னென்ன போட்டிருக்கலாம் என்று பஸ்ஸில் எண்ணிக்கொண்டே வந்தாள்.

எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி வரும். "சொந்த ஊர் எது?" நான் தோட்டத்தின் பெயரைச் சொல்வேன். கேட்டவர்களில் சிலர் சிங்களவர், சிலர் முஸ்லிம்கள், சிலர் தமிழர். பதில் எல்லோரிடமும் ஒன்றுபோலத்தான் இருந்தது, யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். ஒருவர் மட்டும் மனம்விட்டுக் கேட்டார், திருவிழாவுக்கு, தீபாவளிக்கு என்று உங்கள் ஆட்கள் கூட்டமாக வந்து தங்குவார்களா என்று. வருவார்கள் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். வீடு தரவில்லை.

வீடு காட்டக் கூட்டிப் போன தரகர் ஒருநாள் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் புத்தி சொன்னார். "அண்ணே, தோட்டம்னு ஏன் சொல்றீங்க? தெமோதரை டவுன்னு சொல்லுங்க. அப்பா என்ன செய்யுறாருன்னா கடைன்னுருங்க. யாரு போய்ப் பாக்கப் போறா?" அவர் பூனாகலைத் தோட்டத்துக்காரர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவருடைய கார்டில் பண்டாரவளை என்று போட்டிருந்தார்.

தெமோதரையில் டவுன் என்று சொல்ல ஸ்டேஷனும் சில கடைகளும்தான். ஆனாலும் சொன்னேன். முதல் தடவை வாய் குழறியது. மூன்றாவது தடவை, அப்பாவின் கடையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றதாக நானாகவே சேர்த்துச் சொன்னேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது. முன்பானால் சாத்தியிருக்கும் கதவுகள் சில திறக்கவும் செய்தன. ஆனால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வீடு தருகிறோம், பெயர் பதிய விட மாட்டோம் என்றார்கள். வாடகைக்கு வந்தவன் இடாப்பில் ஏறிவிட்டால் பிறகு வீட்டை விட்டு எழுப்ப முடியாது என்ற பயம். வருடாவருடம் வரும் படிவத்தில் வீட்டுக்காரர் எங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடாவிட்டால், பளிங்குத் தரை போட்ட வீடு கிடைத்தாலும் எங்களுக்குப் பிரயோசனமில்லை.

ஏழு மாதம் அலைந்தபிறகு பெரியவர் ஒருவரின் வீடு கிடைத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து பத்து நிமிடம், மேட்டில் ஏறும் ஒரு சந்து. அவருடைய மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் கனடாவில். முன்பாகத்தில் அவர் இருந்தார், பின்பக்கம் இரண்டு அறையும் தனிக் கதவும் எங்களுக்கு. வீட்டுக்குள் இருக்கும்போதும் இஸ்திரி போட்ட சட்டைதான். கண்டிக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்து ஓய்வு பெற்றதாகச் சொன்னார். அவருடைய தமிழ், ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருக்கும். "அமருங்கள். தங்களுடைய சொந்த ஊர்?" என்றார். தெமோதரை டவுன் என்றேன். தந்தை? கடை என்றேன். ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "நல்லது," என்றார்.

தயங்கித் தயங்கிப் பெயர் பதியும் விஷயத்தைக் கேட்டேன். "அதிலென்ன? பெயர் பதிவது உங்களுடைய உரிமை. அதை எழுதிக் கொடுப்பது வீட்டுக்காரனின் கடமை," என்றார். வாடகையும் நாங்கள் பார்த்த எல்லா வீட்டையும்விடக் குறைவு. வெளியே வந்ததும் மனைவி, "கச்சேரிக்காரருன்னா கச்சேரிக்காரருதான்," என்றாள்.

குடிபோய் நான்கு மாதம் நன்றாகவே போனது. அப்பாவைத்தான் அங்கே கூட்டி வரவில்லை. வந்தால் என்ன பேச வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். தேயிலைச் செடியை வெட்டி விடும் கவ்வாத்துக் கத்தியை நாற்பது வருடம் பிடித்த மனிதரிடம் போய், நீங்கள் அரிசி விற்றவர் என்று சொல்லுங்கள் என எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். படிவம் வரட்டும், பெயர் ஏறட்டும், பிறகு பார்க்கலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. படிவத்தில் போன வருடம் எங்கே பதிந்திருந்தீர்கள் என்ற கேள்வி இருக்கிறது, அதற்கு லயத்து விலாசத்தைத்தான் எழுத வேண்டும் என்பதும் தெரியும். அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

அப்பா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிட்டார். அண்ணனிடம் வழி கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நான் பின்னால் பைப்படியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். முன்னால் பெரியவர் கேட்டடியில் நின்றிருந்தார். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பாவின் குரல் கேட்டு ஓடி வந்தேன். தோளில் இருந்த உரப்பையை இறக்கி வைத்துவிட்டு அவர் பெரியவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ நம்ம மேக்கணக்கு ஆளு தானே? அஞ்சாம் லயம், கடேசிக் காம்பரா?"

"நீங்கள் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்," என்றார் பெரியவர்.

அப்பா சிரித்தார். "அட போப்பா! பலா மரத்துல இருந்து விழுந்த தழும்பு நெத்தியில அப்படியே இருக்கு. ஒங்கம்மாவும் எங்கம்மாவும் ஒரே நெரையில கொழுந்து எடுத்தவங்க. நீ என்னடான்னா ஆளைத் தெரியலங்கிற."

தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் வெளியூரில் சந்தித்தால் முதலில் எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு, எந்த லயம் என்று தீர்த்துக்கொள்வார்கள். தீர்ந்துவிட்டால் பிறகு அவர்கள் சொந்தக்காரர்கள்தான். அதைச் சத்தமாகச் சொல்லிக் கொண்டாட வேண்டும். இல்லாவிட்டால் அது மரியாதைக் குறைவு. அப்பா கொண்டாடினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற டீச்சரம்மாவையும் சேர்த்துக்கொண்டார். "ஒரே லயம்மா நாங்க! எங்க லயத்துல மொதல்ல கிளாக்கரானது இவருதான். வேற தோட்டத்துக்கு வேலையாப் போனவரு, அப்புறம் ஆளையே காணோம்." என்னைப் பார்த்ததும் சந்தோஷம் இன்னும் கூடிவிட்டது. "என்னப்பா, இவரு வீட்டுலயா குடியிருக்க? சொல்லவே இல்லையே!"

டீச்சரம்மா வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவரைப் பார்த்தார். அந்தச் சந்தில் இருபது வருடமாக அவர் கண்டிக்காரர், கச்சேரிக்காரர். பெரியவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அப்போது எனக்கு அப்பாமேல்தான் கோபம் வந்தது. பொய் சொன்னவன் நான், பொய் சொன்னவர் பெரியவர், நடுவில் உண்மையைச் சொன்ன ஒரே மனிதர்மேல் எனக்குக் கோபம். அப்பாவுக்கு அது புரியவில்லை. பையிலிருந்த முட்டைக்கோவாவையும் பீன்ஸையும் எடுத்து வைத்தார், சாப்பிட்டார், பேத்தியை முதுகில் ஏற்றிக்கொண்டு அறைக்கு அறை தவழ்ந்தார். மத்தியானம் போகும்போது சொல்லிவிட்டுப் போகலாம் என்று பெரியவரின் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. "தூங்குறான் போல," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்த மாதம்தான் கிராம உத்தியோகத்தர் வீடு வீடாகப் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் எங்களை எழுப்பிவிட்டால் ஒரு வருடப் புள்ளி போகும். திரும்ப வீடு தேட எத்தனை மாதம் ஆகும் என்பது தெரிந்த கதை. மனைவி போனில் வாடகை விளம்பரங்களைப் பார்க்கத் தொடங்கினாள். "கடைக்காரர் மகனே, அடுத்து எந்த ஊருல கடை போடப் போறோம்?" என்று கேட்டாள். சிரிக்காமல்தான் கேட்டாள்.

மூன்றாம் நாள் மாலை பெரியவர் என்னைக் கூப்பிட்டார். முன்னறையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். மேசையில் படிவம் விரித்தபடி இருந்தது. அவருடைய கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். என் பெயரும் மனைவியின் பெயரும் ஏற்கெனவே எழுதியாகியிருந்தது. போன வருடத்து விலாசத்துக்கான கட்டத்தில் தோட்டம், மேல்கணக்கு, இலக்கம் ஐந்து லயம் என்று என்னிடம் கேட்காமலே எழுதியிருந்தார். கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை.

"நீயும் பொய் சொன்ன. நானும் சொன்னேன். அது சரிக்குச் சரியாப் போச்சு," என்றார். ரேடியோத் தமிழ் எங்கேயோ போய்விட்டிருந்தது. எங்கள் லயத்தில் பேசுகிற மாதிரியே பேசினார். "இந்த எடம் வாங்கறப்போ தோட்டத்தான்னு தெரிஞ்சா வித்திருக்க மாட்டாங்க. எம் பசங்களுக்கே நான் எங்க பொறந்தேன்னு தெரியாது. வருசா வருசம் ஒம் பேரு எழுதித் தர்றேன். வாடகையும் ஏத்த மாட்டேன். ஒங்கப்பா மட்டும் இந்தப் பக்கம் வரக்கூடாது."

"சரிங்க," என்றேன்.

ஒரு நாள் யோசிக்க நேரம் கேட்டிருக்கலாம். மனைவியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். உடனே சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. வெட்கம் இரண்டு நாள் கழித்து, அப்பாவுக்குப் போன் பண்ணும்போதுதான் வந்தது.

பெரியவருக்கு நெஞ்சு வருத்தம், வீட்டுக்கு ஆட்கள் வந்துபோனால் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன் சொன்னால் நம்பும்படியாக இருக்கும். அப்பா, "அப்படியா. பாவம்," என்றார். பிறகு, "புள்ளைய பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டு வா. அங்க வந்து பாத்துக்கிறேன்," என்றார். அவர் நம்பினாரா என்று நான் கேட்டதில்லை. இதுவரை கேட்கவில்லை.

அப்படியே வழக்கமாகிவிட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பா பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். நாங்கள் போவோம். அவர் மகளுக்கு மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கிக் கொடுத்து, பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். எந்த பஸ் எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டே அவள் ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டாள். மழை பெய்தால் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு பேசுவோம். பையில் கொண்டுவந்த காய்கறியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவார். அதில் ஒரு பிடி பீன்ஸ் பெரியவருக்கும் போகும். வாசலில் வாங்கிக்கொள்வார், எங்கே வாங்கியது என்று கேட்கமாட்டார்.

மகளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவே இல்லையா என்று கேட்பீர்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் அங்கே போயிருக்கிறோம். ஆனால் அங்கே போனால் அவள் அண்ணன் பிள்ளைகளோடு ஓடிவிடுவாள். அது அவளுக்குப் பெரியப்பா வீடு. அப்பா அவளுக்காகவே வந்து உட்கார்ந்திருந்த இடம் அந்த பெஞ்ச்தான்.

பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வருடாவருடம் எங்கள் பெயரை எழுதினார், வாடகையும் ஏற்றவில்லை. பள்ளிச் சேர்க்கைக்கான நேர்முகப் பரீட்சையில் எங்கள் கோப்பைப் புரட்டிய ஆசிரியர், இவ்வளவு ஒழுங்காகப் படிவம் நிரப்பிய வீட்டுக்காரர் யார் என்று பாராட்டினார். மகளுக்கு இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த வாடகைக்கு இன்றைக்குப் பதுளையில் ஓர் அறைகூடக் கிடைக்காது. மனைவி ஒருமுறை பேச்சை எடுத்தாள், நான் கணக்குச் சொன்னேன், பேச்சு அதோடு நின்றுவிட்டது. அந்தக் கணக்கு சரியானதுதான். அதைச் சொன்ன குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாம் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். மகளைக் கூட்டி வரப் போனபோது வகுப்பு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண், என்னிடம் பேசச் சங்கடப்பட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. குடும்பத்தைப் பத்திப் பாடம் நடத்தினேன். தாத்தா எங்க இருக்காருன்னு ஒவ்வொருத்தரா கேட்டேன். ஒங்க மக பஸ் ஸ்டாண்டுலன்னு சொல்லுது. வெளையாட்டுக்குச் சொல்லுதுன்னு திரும்பவும் கேட்டேன். இல்ல, தாத்தா பஸ் ஸ்டாண்டுலதான் இருக்காருன்னு சொல்லுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு வீடு இல்லைங்களா?"

"வீடு இருக்குங்க டீச்சர்," என்றேன். "எங்க வீட்டுக்குத்தான் அவர் வர முடியாது."

"ஏன்?" என்று அவர் கேட்டார். மகளும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பதிலைக் கேட்க என்னை அண்ணாந்து பார்த்தாள்.